ஈ, தா, கொடு

மொழிபெயர்ப்பில் நான் செய்த ஒரு பிழையைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருஷங்களாக நினைத்து வந்திருக்கிறேன். கவிதையை மொழிபெயர்த்தபோது நேர்ந்த பிழையாக இருந்திருந்தால் நம் நண்பர்களில் யாராவது அடுத்த இதழிலேயே சுட்டிக்காட்டியிருப்பார்கள். நானும் காரசாரமாகப் பதில் எழுதியிருப்பேன். விவகாரம் இரண்டு இதழ்களில் முடிந்திருக்கும். இதுவோ ஒரு கிழவி சொன்ன ஒற்றை வாக்கியம். கேட்டு நின்றவர்களில் இரண்டு பாஷையும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பிழை பிடிக்க ஆளில்லாமல் போயிற்று.

1988ஆம் வருஷம். எனக்கு 24 வயது. ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு, ஓமலூரில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தபாலில் வரும் சிறுபத்திரிகைகளைப் படித்துக்கொண்டும் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டும் இருந்தேன். இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளைவாதம் இடது காலை எடுத்துக்கொண்டிருந்தது. காலிப்பர் மாட்டி நடப்பேன். தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களின் தேவைகளை அறிந்துகொள்ள ஒரு வெளிநாட்டு உதவி ஸ்தாபனத்தின் குழு சேலம் பக்கம் வந்திருந்தது. அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளன் வேண்டியிருந்தது. நாள் சம்பளம் ஐம்பது ரூபாய், ஜீப்பில் முன் ஸீட். குழுவுக்குத் தலைமை வகித்த பெண்மணிக்கு என் காலைப் பார்த்ததும் மிகவும் திருப்தி. பாதிக்கப்பட்டவர்களிடம் பாதிக்கப்பட்ட ஒருவரே பேசுவது நல்லது என்றார். அது சரியான கொள்கை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அந்தக் கொள்கைக்கு நான் தகுதியுள்ளவனாக நடந்துகொண்டேனா என்பது வேறு விஷயம்.

ஓமலூருக்கு மேற்கே, பெரும்பாலும் மணலாகவே கிடக்கும் சரபங்கா ஆற்றை ஒட்டிய ஒரு ஊர். அந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். நோய் எப்போதோ குணமாகிவிட்டது. குணமானதற்கான சர்க்கார் சீட்டை மஞ்சள் பையில் பத்திரமாக வைத்திருந்தார். கை விரல்கள் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தன. ஊர் நடுவில் பொதுக்குழாய். காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். உங்களுக்கு என்ன தேவை என்று தலைவி கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"கொழாய்ல என் கொடத்தையும் வெக்க உடச் சொல்லு கண்ணு."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: இவருக்குத் தண்ணீர் வசதி வேண்டுமாம்.

தலைவி எழுதிக்கொண்டார். நாலு மாதத்தில் அவர் குடிசைக்குப் பத்தடி தள்ளிப் போர் போட்டு ஒரு அடிபம்பு நிறுத்திவிட்டார்கள். சிமெண்ட் மேடையில் ஸ்தாபனத்தின் பெயர் நீலப் பெயிண்டில் எழுதப்பட்டது. நல்ல தண்ணீர், கோடையிலும் வற்றவில்லை என்று கேள்விப்பட்டேன். அறிக்கையில் அது வெற்றிகளின் பட்டியலில் இடம்பெற்றது. அந்த அறிக்கையைப் பிழை திருத்திக் கொடுத்தவனும் நான்தான்.

பம்பு வந்த பிறகு ஊர் என்ன சொல்லிற்று என்பது மெல்லத்தான் எனக்குத் தெரிய வந்தது. அதில் வேறு யாரும் தண்ணீர் பிடிக்கவில்லை. அது 'நோய்க்காரி பம்பு' ஆகிவிட்டது. அதற்குமுன் குழாயடியில் அந்த அம்மாளுக்குச் சாதகமாக ஒரே ஒரு நியாயம் இருந்தது: தண்ணீர் இல்லாமல் எப்படி இருப்பாள்? ஈரமுள்ள யாராவது ஒருத்தி அதைச் சொல்ல முடிந்தது. இப்போது அதற்கும் பதில் கிடைத்துவிட்டது. "உனக்குத்தான் தனியா பம்பு இருக்கே." அவர் கேட்டது கிடைக்காததோடு, அதைக் கேட்பதற்கு இருந்த காரணமும் பறிபோயிற்று. ஒரு ஊர் செய்துவந்த ஒதுக்கலை நாங்கள் இரும்பிலும் சிமெண்டிலும் நிரந்தரமாக்கிக் கொடுத்தோம்.

இன்னொன்றும் பிற்பாடுதான் உறைத்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் 1966 வரை வேலை செய்த டாக்டர் பால் பிராண்ட் உலகத்துக்குச் சொன்ன முக்கியமான விஷயம், தொழுநோயில் விரல்கள் அழுகி விழுவதில்லை என்பது. நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால், சூடும் வெட்டும் உராய்வும் தெரியாமல் காயம் மேல் காயமாகி விரல்கள் தேய்ந்துபோகின்றன. வலி தெரியாத ஒரு கைக்கு நாங்கள் கொடுத்தது, முழு பலத்தோடு அழுத்தி அடிக்க வேண்டிய ஓர் இரும்புக் கைப்பிடி. படிவத்தில் இதற்கும் பத்தி இல்லை.

*

ஏன் அப்படி மொழிபெயர்த்தேன்? 'உடச் சொல்லு' என்பதற்கு ஆங்கிலத்தில் வார்த்தை இல்லாமலில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த மூன்றெழுத்து வார்த்தை அது. காரணங்களைப் பல இரவுகள் அடுக்கிப் பார்த்திருக்கிறேன்.

முதல் காரணம் படிவம். தேவை என்ன, எத்தனை, செலவு எவ்வளவு என்று மூன்று பத்திகள். தடை எது, தடுப்பது யார் என்று பத்திகள் இல்லை. மொழிபெயர்ப்பாளன் வாக்கியத்தை ஒரு பாஷையிலிருந்து இன்னொரு பாஷைக்கு மாற்றுவதாக நினைத்துக்கொள்கிறான். உண்மையில் எதிரே காத்திருக்கும் காலிக் கட்டத்தின் அளவுக்கு அதை வெட்டுகிறான்.

இரண்டாவது காரணம் சுற்றி நின்றவர்கள். எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு, நிழலில் உட்காரவைத்தவர்கள். அவர்கள்தான் அந்தக் குடத்தை வைக்க விடாதவர்கள். வாக்கியத்தை அப்படியே சொல்லியிருந்தால் அந்த மத்தியானம் நிலைகுலைந்திருக்கும். தண்ணீர் இல்லை என்பது யாரையும் குற்றம் சொல்லாத வாக்கியம். வானத்தைத்தான் சொல்லும்.

மூன்றாவது காரணம் என் கால். எனக்குப் பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்த முகாமில் என் முதல் காலிப்பர் கிடைத்தது. வரிசையாக உட்காரவைத்து அளவெடுத்தார்கள். பெயர் கூப்பிட்டதும் மேடைக்குப் போக வேண்டும். மேடைக்கு மூன்று படி. என்னைத் தூக்கி ஏற்றினார்கள். போட்டோ எடுக்கும்போது பின்னாலிருந்து யாரோ "கும்பிடுறா" என்றார்கள். கும்பிட்டேன். அந்தக் காலிப்பர் இல்லாவிட்டால் கல்லூரிக்குப் போயிருக்க மாட்டேன், இந்தக் கட்டுரையும் இருக்காது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கேட்கும் பாஷை எது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். கற்ற பாஷையில்தான் பன்னிரண்டு வருஷம் கழித்து அந்த அம்மாளின் வாக்கியத்தைப் பெயர்த்தேன். அவருக்குத் தெரியாத அந்தப் பாஷை எனக்குத் தாய்மொழியைப் போல ஆகியிருந்தது.

*

இந்தப் பாஷையைப் பற்றித் தொல்காப்பியருக்குத் தெரிந்திருந்தது. சொல்லதிகாரத்தின் எச்சவியலில் 'ஈ', 'தா', 'கொடு' மூன்றும் இரத்தற் பொருளில் வரும் சொற்கள் என்று வைத்து, தாழ்ந்தவன் கேட்கும்போது 'ஈ' என்றும், ஒத்தவன் 'தா' என்றும், உயர்ந்தவன் 'கொடு' என்றும் சொல்வான் என்று வகுக்கிறார். இலக்கண வகுப்பில் இதை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துபோகிறோம். கேட்கப்படும் பொருள் ஒன்றாகவே இருந்தாலும் கேட்பவன் நிற்கும் படி வினைச்சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது என்பது எவ்வளவு பெரிய சமூக அவதானம்!

உதவியின் கடந்த அரை நூற்றாண்டுச் சரித்திரத்தை இந்த மூன்று சொற்களை வைத்தே எழுதிவிடலாம். தர்ம ஸ்தாபனங்களின் காலம் 'ஈ'. 'பங்காளிகள்', 'கூட்டுறவு' என்று அறிக்கைகள் பேசத் தொடங்கிய காலம் 'தா'. உரிமைகளின் காலத்தில், கேட்பவன் நிமிர்ந்து நின்று 'கொடு' என்கிறான். ஐக்கிய நாடுகள் சபை 2006 டிசம்பர் 13 அன்று ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையை அப்படிப்பட்ட ஓர் ஆவணமாகத்தான் பலர் படிக்கிறார்கள். இந்தியா 2007 அக்டோபர் 1இல் அதை உறுதி செய்தது. அதன் 32ஆம் பிரிவு சர்வதேசக் கூட்டுறவைப் பற்றியது. ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குச் செய்யும் வளர்ச்சி உதவி இவர்களையும் உள்ளடக்கியதாக, இவர்கள் அணுகக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. அதாவது பணம் போனால் போதாது, போகிற இடத்தில் கதவு அகலமாக இருக்க வேண்டும்.

படி ஏறியிருக்கிறோம், வாஸ்தவம். ஆனால் மூன்று சொற்களும் ஒரே மாதிரிதான் நிற்கின்றன. ஒருவனிடம் இருக்கிறது, இன்னொருவனிடம் இல்லை. இருப்பவன் கையிலிருந்து இல்லாதவன் கைக்கு ஏதோ நகர்கிறது. அந்த அம்மாள் சொன்ன வினை இந்த மூன்றுக்குள்ளும் அடங்காது. 'விடு'. குழாய் ஏற்கெனவே இருக்கிறது. தண்ணீரும் வருகிறது. அது யாருடைய சொத்தும் இல்லை, ஊர்ப் பொது. கொடுக்க ஒன்றுமில்லை, தடுக்காதிருந்தால் போதும். 'கொடு' என்பதை ஒரு கொடையாளியிடம் சொன்னால் தீர்ந்துவிடும். 'விடு' என்பதை வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும். டென்மார்க்கிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வரும் பணம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் அதற்குப் பதிலாக ஆகாது.

*

சாத்தனாரின் மணிமேகலையில் ஆபுத்திரன் கதை நம் எல்லோருக்கும் தெரியும். அதை ஒரு உதவித் திட்டத்தின் கதையாக நான் படிக்க ஆரம்பித்தது அந்தப் பம்புக்குப் பிறகுதான்.

மதுரையில் சிந்தாதேவி கோயில் முற்றத்தில் தங்கி, வீடு வீடாகப் பிச்சையெடுத்து, பார்வையற்றவர்களையும் காது கேளாதவர்களையும் கால் முடங்கியவர்களையும் ஆதரவற்றவர்களையும் பிணியாளர்களையும் கூப்பிட்டு உண்ணவைத்து, மிச்சத்தைத் தான் உண்கிறான் ஆபுத்திரன். நடு இரவில் பசித்து வந்தவர்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் அவன் தவித்தபோது தேவி அமுதசுரபியைக் கொடுக்கிறாள். பாத்திரம் வற்றவே இல்லை. இந்திரனின் இருக்கை அசைகிறது. வரம் தருகிறேன் என்று வந்த இந்திரனை ஆபுத்திரன் சிரித்து அனுப்பிவிடுகிறான். கோபித்த இந்திரன் பாண்டிய நாட்டில் மழையைப் பெய்வித்து எங்கும் வளத்தை உண்டாக்குகிறான். உண்ண வருவார் யாருமில்லை. கேலிக்கு ஆளான ஆபுத்திரன், பஞ்சத்தில் கிடக்கும் சாவக நாட்டுக்குக் கப்பலேறுகிறான். கடல் கடந்து உதவி செய்யப் புறப்பட்ட முதல் தமிழ்ப் பாத்திரம் இவன்தானோ என்னவோ. வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. வாங்குவார் இல்லாத தீவில், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் துறக்கிறான்.

கொடுப்பவனுக்கு வாங்குபவன் எவ்வளவு தேவை என்பதைச் சாத்தனார் கண்டிருக்கிறார். ஆனால் என்னைத் தொந்தரவு செய்வது வேறொரு இடம். மழை பெய்தது, நெல் விளைந்தது, பசி போயிற்று. அந்தப் பார்வையற்றவர்கள் என்ன ஆனார்கள்? கால் முடங்கியவர்கள்? மழை யாருடைய காலையும் நிமிர்த்தியிருக்க முடியாது. அவர்கள் மதுரையில்தான் இருந்திருக்க வேண்டும். கதையில் மட்டும் இல்லை. பசித்த வயிறுகளாக உள்ளே வந்தார்கள். வயிறு நிரம்பியதும் வெளியே போய்விட்டார்கள். காப்பியம் அவர்களிடம் கேட்டது பசிக்கிறதா என்ற ஒரு கேள்வியை மட்டும்தான்.

நம்மைப் பற்றியும் இங்கே சொல்லிக்கொள்ள வேண்டும். நவீனத் தமிழ்க் கவிதையும் சிறுகதையும் குருடு, ஊமை, முடம் இவற்றை எவ்வளவு மலிவான படிமங்களாகச் செலவழித்திருக்கின்றன! சமூகம் குருடாகிறது, நியாயம் நொண்டுகிறது, மக்கள் ஊமையாகிறார்கள். நானே எழுதியிருக்கிறேன், காலிப்பரைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு. அந்தப் படிமங்களில் பார்வையற்ற ஒருவன் வேலைக்குப் போவதோ, பஸ்ஸைத் தவறவிடுவதோ, பொய் சொல்வதோ, காதலிப்பதோ இல்லை. உதவி ஸ்தாபனத்தின் போட்டோகிராபரைக் கிண்டல் செய்வதற்கு முன்னால் நம் கையில் இருக்கும் காமிராவையும் பார்க்க வேண்டும். 2010இல் 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை விலக்கி 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லைத் தமிழக அரசு கொண்டுவந்தது. அதுவும் கொடுக்கப்பட்டதுதான், பழைய வசவைவிட எவ்வளவோ மேல். ஆனால் பெயரை மாற்றுவது எளிது. படிமத்தை மாற்றுவதற்கு எழுதுகிறவனின் பார்வை மாற வேண்டும்.

*

1981 எனக்கு ஒரு விசேஷமான வருஷமாகப் படுகிறது. ஐக்கிய நாடுகள் சபை அதை ஊனமுற்றோருக்கான சர்வதேச ஆண்டாக அறிவித்திருந்தது. அதே வருஷம்தான் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு தொழுநோய்க்குக் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. அதே வருஷம் டென்மார்க் அரசின் டானிடா உதவியோடு சேலம், தென்னார்க்காடு மாவட்டங்களில் சுகாதாரத் திட்டம் ஆரம்பமாயிற்று. அன்று நாமக்கல்லும் சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது, 1997இல்தான் பிரிந்தது. நான் ஜீப்பில் போன ஸ்தாபனத்துக்கும் டானிடாவுக்கும் சம்பந்தமில்லை.

இப்படி வந்த உதவிகளைப் பரிகசிப்பது நம்மிடையே ஒரு மோஸ்தராக இருந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கூட்டு மருந்து இந்த நாட்டில் எத்தனையோ பேரின் விரல்களைக் காப்பாற்றியது. 1995 முதல் அது உலகெங்கும் நோயாளிகளுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. என் மகள் வாயில் போலியோ சொட்டு விழுந்த நாளில் நான் அழுதேன்; அந்த அழுகையை எந்தச் சித்தாந்தத்தாலும் விளக்கிக்கொள்ள விரும்பவில்லை. இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது.

என் மனத்தாங்கல் அந்தப் பூஜ்யத்தின் மேல். உதவி பூஜ்யத்தை விரும்புகிறது, ஏனென்றால் பூஜ்யம் வந்தால் திட்டத்தை முடித்துவிடலாம். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற கணக்கு வந்ததும், 2005 டிசம்பரில், தேசிய அளவில் தொழுநோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்னையாக இல்லாமல் போயிற்று என்று அறிவிக்கப்பட்டது. இன்றும் உலகில் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியாவில்தான். அது போகட்டும். கணக்கில் பூஜ்யமானது நோய். குணமானவர்களின் கைகள் பூஜ்யமாகவில்லை. போலியோ பூஜ்யமான 2011க்குப் பிறகும் நான் தினமும் காலையில் காலிப்பரின் வாரை இழுத்து மாட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். மதுரையில் மழை பெய்துவிட்டது; நான் கதையில் இல்லை.

குணமானவரைச் சட்டம் எப்படி நடத்தியது என்பதையும் பார்க்க வேண்டும். தொழுநோயாளிகளை ஒதுக்கிவைக்க வழிசெய்த 1898ஆம் வருஷத்துச் சட்டம் 2016 வரை ஏட்டில் இருந்தது. 1995ஆம் வருஷத்து ஊனமுற்றோர் சட்டம் தொழுநோயிலிருந்து குணமானவர்களைத் தன் ஏழு வகைகளில் ஒன்றாகச் சேர்த்து, சலுகைகளுக்கு உரியவர்களாக்கியது. ஆனால் 2008இல் உச்ச நீதிமன்றம், தொழுநோயாளி நகராட்சிப் பதவி வகிக்க முடியாது என்ற ஒரிசாச் சட்டப் பிரிவைச் செல்லும் என்றது. தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்பதை நீக்க 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கையில் சலுகை கொடுக்கிற சட்டமும் நாற்காலியில் உட்கார விடாத சட்டமும் ஒரே நாட்டில், ஒரே காலத்தில், ஒன்றையொன்று இடிக்காமல் இருந்தன. 'கொடு' நிறைவேறினால் 'விடு' தானாக நிறைவேறிவிடும் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்கட்டும்.

*

ஒரு நண்பர், நல்ல கவிஞர், இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "படித்தவனின் விசாரம் உன்னுடையது. அவளுக்குத் தாகம். பம்பு வந்தது, குடித்தாள். விடுவதும் தடுப்பதும் வயிறு நிரம்பிய பிறகு பேசுகிற பேச்சு." இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. வள்ளுவர்கூட ஒப்புரவறிதலையும் ஈகையையும் தனித்தனி அதிகாரமாக, ஆனால் அடுத்தடுத்துத்தான் வைக்கிறார். ஊரோடு ஒத்து வாழ்வதன் கடமை ஒன்று, இல்லாதவனுக்குக் கொடுப்பது இன்னொன்று. ஒன்று இருப்பதால் இன்னொன்று வேண்டாமென்று ஆகாது.

அதோடு, 'விடு' என்பது செலவில்லாத காரியமும் இல்லை. என் சட்டைப்பையில் அடையாள அட்டை இருக்கிறது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் எனக்கும் என்னோடு வருகிறவருக்கும் கட்டணமில்லை. ஆனால் சேலம் போக ஓமலூரில் நான் ஏறும் பஸ்ஸின் முதல் படி என் முழங்காலுக்கு மேலே இருக்கிறது. கண்டக்டர் நல்ல மனிதர், "வாங்க சார்" என்று கையைப் பிடித்துத் தூக்கிவிடுவார். டிக்கெட் இல்லை என்பது 'ஈ'. தூக்கிவிடுவது அவருடைய அன்பு. படி தாழ்வாக இருந்தால் இரண்டும் இல்லாமலே ஏறிவிடுவேன். படியைத் தாழ்த்துவதற்குப் பணம் வேண்டும்.

அந்தப் பணம் வெளிநாட்டிலிருந்தும் வரலாம். ஜெர்மன் வளர்ச்சி வங்கியான கே.எஃப்.டபிள்யூ.வின் கடனில் தமிழக அரசு பேருந்துகள் வாங்கத் திட்டமிட்டபோது, அவை எல்லோரும் ஏறக்கூடிய தாழ்தளப் பேருந்துகளாக இருக்க வேண்டும் என்று வைஷ்ணவி ஜெயக்குமார் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காடினார். சாலை சரியில்லை, மழைநீர் தேங்கும், விலை அதிகம் என்றெல்லாம் பதில்கள் வந்தன. 2024 ஆகஸ்டில் சென்னையில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. தாழ்தளம் என்பது தரையிலிருந்து 400 மில்லிமீட்டர். 32ஆம் பிரிவு என்ற கனமான விஷயம் கடைசியில் இத்தனை மில்லிமீட்டராகத்தான் வந்து நிற்கிறது. அப்படித்தான் நிற்கவும் வேண்டும். அந்த வழக்கில் யாரும் இன்னொரு தனி வண்டி கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லோரும் ஏறுகிற வண்டியில் ஏற விடு என்பதுதான் மனு.

ஆகவே நண்பருக்கு என் பதில் இது. கொடுப்பதையும் விடுவதையும் எதிரெதிராக நிறுத்த நான் விரும்பவில்லை. ஒவ்வொரு கொடையிடமும் ஒரு கேள்வி கேட்டால் போதும்: இதை வாங்கிய பிறகு இந்த மனிதர் வரிசைக்கு அருகில் வந்தாரா, தள்ளிப் போனாரா? காலிப்பர் என்னைக் கல்லூரி வரிசைக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. கும்பிடச் சொன்ன குரலைத் தாண்டியும் அது நல்ல கொடை. பம்பு அந்த அம்மாளைக் குழாயடியிலிருந்து பத்தடிக் குடிசைக்கே திருப்பி அனுப்பியது. வற்றாத தண்ணீரைத் தாண்டியும் அது கெட்ட கொடை. 2022இல் உலக வங்கி, தமிழகத்தின் மாற்றுத்திறனாளிகளுக்கான உரிமைகள் திட்டத்துக்கு 16 கோடியே 20 லட்சம் டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. பெயரிலேயே உரிமை இருக்கிறது. அதன் சேவை மையங்களுக்கு 'விழுதுகள்' என்று பெயர். அந்தப் பணத்திடமும் இதே கேள்விதான். 2025இல் ஊராட்சி முதல் மாநகராட்சி வரை உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்கத் தமிழகச் சட்டமன்றம் சட்டங்களைத் திருத்தியது. நியமனம் என்பதும் கொடுப்பதுதான், தேர்ந்தெடுக்கப்படுவது ஆகாது. ஆனால் கொடுக்கப்படுவது ஒரு நாற்காலி. குழாய் எங்கே வர வேண்டும், யார் குடம் எங்கே வைக்கலாம் என்று பேசுகிற அறைக்குள் போடப்படும் நாற்காலி. அங்கே உட்காருகிறவர் தன் வாக்கியத்தைத் தானே சொல்வார். என்னைப் போன்ற மொழிபெயர்ப்பாளன் தேவைப்பட மாட்டான்.

*

மூன்று வருஷத்துக்கு முன் அந்த ஊருக்குப் போனேன். அந்த அம்மாள் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பம்பின் தலையைக் காணோம். துருப்பிடித்த குழாய் மட்டும் முழங்கால் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. நீலப் பெயிண்ட் போய்விட்டிருந்தது. இப்போது வீட்டுக்கு வீடு குழாய். பொதுக்குழாயடி இருந்த இடத்தில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நின்றன. இந்திரன் மழையைப் பெய்துவிட்டான். வரிசையே இல்லாமல் போனபின் விடுவதற்கும் தடுப்பதற்கும் என்ன இருக்கிறது? கேள்வி, பதில் சொல்லப்படாமலே காலாவதியாகிவிட்டது.

மருமகள் இருந்தார். அவருக்கே இப்போது வயதாகிவிட்டது. என் காலை வைத்து அடையாளம் கண்டுகொண்டு மோர் கொடுத்தார். அந்த இரும்புக் கைப்பிடி பல வருஷமாக என் மனதை அறுத்துக்கொண்டிருந்ததால், பம்பு அடித்து அத்தை கையில் புண் வந்ததா என்று கேட்டேன்.

"அத்தை எங்க அடிச்சுது? அது ஒரு நாளும் அந்தப் பம்பத் தொட்டதில்லீங்க. நாந்தான் அடிப்பேன். அது விடிஞ்சதும் ஒரு கொடத்தத் தூக்கிட்டுக் கொழாயடிக்குப் போயிரும்."

"இங்கே தண்ணீர் இருக்கும்போதா?"

"ஆமா. நாங்களும் சொல்லிப் பாத்தோம். கேக்காது. சாகற வரைக்கும் போச்சு."

விட்டார்களா என்று கேட்டேன். மருமகள் மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஒரு நா விட்டாங்க. ஒரு நா கொடத்தத் தள்ளி வெச்சாங்க. புதுசாக் கட்டிக்கிட்டு வந்த பொண்ணுங்களுக்கு ஒண்ணும் தெரியாதில்ல, அவங்க விட்டுருவாங்க."